ரெனார் நரிக் கதைகள்: எந்த மூலத்தில் தொடங்குவது?

கதைக்கிணறு

வணக்கம். ஐரோப்பாவின் ரெனார் நரிக் கதைகளைப் பெரியவர்கள் படிக்கும் தொடராகத் தமிழில் எழுதும் திட்டம் இருக்கிறது. இதுவரை திரட்டியவை: ஈசோப்பின் காக்கையும் நரியும், ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ நரி, பிரெஞ்சு ரெனார் கதைகளின் சுருக்கம் ஒன்று, ஜெர்மன் கவிஞர் கோத்தே 1794-இல் வெளியிட்ட 12 காண்ட ‘ரைனெக்கே’யின் (ரெனாரின் ஜெர்மன் பெயர்) ஆங்கில மொழிபெயர்ப்பு. இவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒட்டவே மாட்டேன் என்கின்றன. ஒன்றில் நரிக்குப் பெயரே இல்லை. இன்னொன்றில் அவன் கோட்டை, மனைவி, பிள்ளைகள் உள்ள பிரபு. ஒரு கதையில் ஓநாயின் வால் அறுந்துபோகிறது, அடுத்த கதையில் அதே ஓநாய் வாலோடு வந்து நிற்கிறது.

இது ஒரே கதையா, பல கதைகளா? முதலில் எதைப் படிப்பது? இவ்வளவு கொடுமை செய்தும் நரி தப்பிவிடுகிறதே, அதை அப்படியே வைக்கலாமா? சிங்கராஜா, அரசவை, சூழ்ச்சி என்று வருவதால் இதற்கு வேர் பஞ்சதந்திரம்தானா? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓலைநறுக்கு

முதல் வேலையாக ஈசோப்பைத் தனிக் கோப்பில் போட்டுவிடுங்கள். ஈசோப்பின் நரி ஒவ்வொரு கதைக்கும் புதிதாக வருகிறது. போன கதையில் என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. ரெனார் செய்ததெல்லாம் அவன் மேல் வழக்காக நிற்கிறது. பெயர், உறவுமுறை, பழைய பகை எல்லாம் சேர்ந்தால்தான் அவன் ரெனார்.

இந்தப் பெயர்களோடு நமக்குக் கிடைக்கும் முதல் பெரிய நூல் ‘இசென்கிரிமுஸ்’ என்ற லத்தீன் காவியம். 1148-49 வாக்கில், இன்று பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரத்துச் சூழலில் எழுந்தது. ஏழு பகுதிகள், 6,500 வரிக்கு மேல். அதில் கதைத்தலைவன் ஓநாய், நரி அவனை வதைப்பவன். 1170களிலிருந்து ஏறத்தாழ 1250 வரை பல பிரெஞ்சுக் கவிஞர்கள் தனித்தனியாக எழுதிச் சேர்த்ததுதான் ‘ரெனார் காதை’. அவர்களில் பெயர் தெரிந்தவர்களுள் முக்கியமானவர் பியேர் த சேன்-க்ளூ. 13-ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸில் (கென்ட் நகரம் இருக்கும் பகுதி) வில்லெம் என்ற கவிஞர், ரெனார் காதையில் நரி மேல் நடக்கும் வழக்கு விசாரணையை எடுத்துக்கொண்டு, மத்தியகால டச்சு மொழியில் ஒரே கதையாகச் செதுக்கினார். கடைசி வரிகளின் முதலெழுத்துகளைக் கோத்தால் ‘வில்லெம் இயற்றியது’ என்று வரும்.

உங்கள் தொடருக்கு இந்த ஃபிளாண்டர்ஸ் நூல்தான் அடித்தளம். சுமார் 3,470 வரிகள், ஒரே வழக்கு, தொடக்கமும் முடிவும் உண்டு. மூலமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள 2009-ஆம் ஆண்டுப் பதிப்பை ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகப் பதிப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

இதைப் படிக்கும்போது நீதிமன்ற நடைமுறையைக் கவனித்துப் போங்கள். பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவத் திருநாளில் அரசனான நோபெல் சிங்கம் அவை கூட்டுகிறது. நரி மட்டும் வரவில்லை. ஓநாய் இசங்ரின் முதல் புகார் தருகிறது. அடுத்து ஒரு சிறு நாய், தன்னிடம் இருந்த ஒரே ஒரு தொத்திறைச்சியை நரி திருடிவிட்டது என்கிறது. உடனே பூனை திபேர்ட் குறுக்கிட்டு, அந்தத் தொத்திறைச்சியே தன்னுடையது என்கிறது. அதுவும் தூங்கிக்கொண்டிருந்த மில்காரனிடம் எடுத்தது. புகார் கொடுப்பவர்களின் கையும் சுத்தமில்லை என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார் வில்லெம். மறுகதை எழுதுபவர்கள் பெரும்பாலும் முதலில் வெட்டுவது இந்த இடத்தைத்தான். இதை வெட்டினால் பிறகு நரி ஜெயிப்பது வெறும் அநியாயமாகத் தெரியும்.

புகார்கள் வலுவிழந்து, வழக்கே கலைந்துவிடும் என்ற நிலையில், சேவல் கான்தெக்லேர் பாடையோடு வருகிறது. பாடையில் தலை கடிபட்ட கொப்பே என்ற கோழி. இனி தட்டிக்கழிக்க முடியாது. மூன்று முறை அழைப்பு அனுப்ப வேண்டும். அது அக்காலச் சட்டம். முதலில் கரடி ப்ரூன் போகிறது. நரி தேன் இருப்பதாகச் சொல்லி, தச்சன் லாம்ஃப்ராய்ட் ஆப்படித்துப் பிளந்து வைத்த கருவாலி மரத்துக்கு அழைத்துப் போகிறது. கரடி தலையையும் முன்கால்களையும் உள்ளே விட்டதும் ஆப்புகளை உருவிவிடுகிறது. ஊரார் தடியோடு வர, முகத்தோலையும் காதுகளையும் மரத்திலேயே விட்டுவிட்டுக் கரடி ஆற்றில் குதிக்கிறது. இரண்டாவது பூனை. அதற்குப் பாதிரியார் வீட்டுக் களஞ்சியத்தில் எலி என்று ஆசை காட்டப்படுகிறது. அங்கே கண்ணி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாகப் போகும் கிரிம்பேர்ட் என்ற வளைக்கரடி (பேட்ஜர்) நரிக்கு உறவுக்காரன். அவனோடு நரி வந்துவிடுகிறான். மூன்றாம் அழைப்பையும் மறுத்தால் கோட்டையை முற்றுகையிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

தூக்குத் தண்டனை தீர்ப்பாகிறது. தூக்குமரத்தை ஆயத்தம் செய்யக் கரடி, ஓநாய், பூனை மூவரும் முன்னால் போய்விடுகிறார்கள். நரிக்கு வேண்டியது இந்த இடைவெளிதான்: மறுத்துப் பேசக்கூடிய மூவரும் அவையில் இல்லை. சாகும் முன் எல்லோர் முன்னிலும் பாவசங்கீர்த்தனம் (பாவங்களை வாய்விட்டு ஒப்புக்கொள்வது) செய்ய வேண்டும் என்று கேட்டு, அந்தப் பேச்சுக்குள் எர்மென்ரிக் மன்னனின் புதையலை நுழைக்கிறான். கரடிக்கு முடிசூட்டச் சதி நடந்தது, அதற்கான பணம் அந்தப் புதையல், நான் அதைத் திருடி உங்களைக் காப்பாற்றினேன் என்கிறான். சதியை நம்பவைக்கச் செத்துப்போன தன் தகப்பனையும், தனக்காக வாதாடிய கிரிம்பேர்டையும்கூட அதில் சேர்த்துவிடுகிறான். தன் உறவையே காட்டிக்கொடுப்பவன் பொய் சொல்ல மாட்டான் என்று அரசன் நினைக்கிறான்.

கரடிக்குத் தேன், பூனைக்கு எலி, அரசனுக்குப் புதையல். மூன்றும் ஒரே தந்திரம், மூன்றாவது மட்டும் கிரீடத்தின் மேல் நடத்தப்படுகிறது. நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எதிராளிக்கு எதில் ஆசை என்று நரி முதலில் கண்டுபிடிக்கிறான், பிறகு வழியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். தேன் காட்சியை எழுதும் அதே வாக்கிய அமைப்பில் புதையல் காட்சியையும் எழுதுங்கள். வாசகருக்குத் தானாகப் பிடிபடும்.

பனிக்காடு

ஓலைநறுக்கு சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் ஃபிளாண்டர்ஸ் நூலில் தொடங்கினால் நரி ஏதோ வழக்கறிஞர்கள் கண்டுபிடித்த பாத்திரம் என்று தோன்றிவிடும். வாய்மொழியில் அவன் அதற்கு முன்பே இருந்தான். 1112-இல் பிரான்ஸின் லான் நகரில் நடந்த கலகத்தைப் பற்றி எழுதிய நொஜானின் கிபேர் என்ற துறவி ஒரு செய்தி தருகிறார்: பிஷப் கோத்ரி தன் எதிரி ஒருவனை அவன் ஓநாய் முகத்துக்காக ‘இசங்ரின்’ என்று அழைப்பாராம், சிலர் ஓநாயை அப்படித்தான் அழைப்பார்களாம். லத்தீன் காவியத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய செய்தி இது.

ஆகவே முதல் அத்தியாயத்துக்கு என் பரிந்துரை, பனியில் மீன் பிடிக்கும் கதை. நாட்டார் கதைகளை வகைபிரித்து எண் கொடுக்கும் ஆய்வாளர்களின் பட்டியலில் 1, 2 என்று முதலிலேயே நிற்பவை இதன் இரு பகுதிகளான மீன் திருட்டும் வால் உறைதலும். பிரெஞ்சு வடிவத்தில் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன், மீன் வண்டி வரும் பாதையில் ரெனார் செத்தவன்போல் கிடக்கிறான். தோல் விலைபோகும் என்று வியாபாரிகள் அவனைத் தூக்கி வண்டியில் எறிகிறார்கள். ஹெர்ரிங் மீனைத் தின்று, விலாங்கு மாலைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குதித்துவிடுகிறான். விலாங்கு சுடும் வாசனைக்கு ஓநாய் வருகிறது. உள்ளே இருப்பவர்கள் துறவிகள், நீயும் துறவியானால் மீன் உண்டு என்று சொல்லி, கொதிநீரை ஊற்றி ஓநாயின் உச்சந்தலையை மழிக்கிறான். பிறகு வாலில் வாளியைக் கட்டிக் குளத்தில் விடச் சொல்கிறான். இரவில் தண்ணீர் உறைகிறது. காலையில் நாய்களோடு வந்த பண்ணைப் பிரபு வாளை வீச, வால் மட்டும் போகிறது.

ரஷ்யாவில் அஃபனாசியெவ் 1855-63-இல் வெளியிட்ட தொகுப்பின் முதல் கதை இதேதான். ஆனால் அங்கே நரி பெண், ‘நரித் தங்கச்சி’. மீன் திருட்டு, வால் உறைதல் இரண்டும் முடிந்த பிறகு அவள் ஒரு வீட்டில் புகுந்து தலையில் மாவைப் பூசிக்கொண்டு, மூளையே வெளியே வந்துவிட்டது என்று அழுகிறாள். அடிவாங்கிய ஓநாய் அடிவாங்காத நரியை முதுகில் சுமந்து போகிறது. ஜெர்மனி, பிரான்ஸ், டச்சு நாடுகளில் நரி ஆண். ரஷ்யக் கதையை ரெனார் தொடரில் கலந்தால் இந்த இடத்தில் இடிக்கும், கலக்காதீர்கள்.

வடக்கே போனால் ஓநாயின் இடத்தில் கரடி வந்துவிடும். நார்வேயில் ஆஸ்பியோர்ன்சனும் மோவும் திரட்டிய வடிவத்தில் கரடிக்கு வால் ஏன் குட்டை என்பதற்கான காரணக் கதையாகவே இது முடிகிறது. ஃபின்லாந்து ஆய்வாளர் கார்லே க்ரோன் இதை வைத்துத்தான் கரடி வடிவமே பழையது என்று வாதாடினார். ஓநாய்க்கு நீண்ட வால் இருக்கும்போது அறுந்த வாலால் எதையும் விளக்க முடியாது. கரடியிடம் கதை இயல்பாகப் பொருந்துகிறது. எனக்கு இந்த வாதம் வலுவானதாகவே படுகிறது. தொடரில் எழுதும்போது குளிரைக் குறைத்துவிடாதீர்கள். வால் கனக்கக் கனக்க ‘மீன் நிறைய மாட்டுகிறது’ என்று ஓநாய் மகிழ வேண்டும். பனி உறைவது மெல்ல நடக்காவிட்டால் கதையே இல்லை.

கதைக்கிணறு

இருவருக்கும் மிக்க நன்றி. வால் குழப்பம்தான் இன்னும் தீரவில்லை. பிரெஞ்சுத் தொகுப்பில் ‘கிளை 1’, ‘கிளை 2’ என்று எண்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் எழுதினால் சரியாக வருமா? பஞ்சதந்திரக் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

ஏடெண்

அந்த வரிசையில் எழுதாதீர்கள். ரெனார் காதையின் தனித்தனிக் கதைப் பகுதிகளைத்தான் ‘கிளை’ என்கிறார்கள். கிளை எண்கள் எர்னெஸ்ட் மார்த்தேன் 1882-87-இல் வெளியிட்ட பதிப்பிலிருந்து வந்தவை. அவை சுவடியின் வரிசையைத் தழுவியவை, எழுதப்பட்ட காலத்தின் வரிசை அல்ல. மிகப் பழையவை கிளை 2-உம் 5அ-வும். 1174-77 வாக்கில் எழுந்தவை. பெரிய விசாரணை வரும் கிளை 1 அதற்குப் பிந்தியது, சுமார் 1179. 20-ஆம் நூற்றாண்டில் மாரியோ ரோக் வேறொரு சுவடியை வைத்துப் பதிப்பித்தபோது எண்கள் மாறின. எனவே ‘கிளை 3’ என்று மட்டும் குறித்து வைத்தால் ஆறு மாதம் கழித்து எது என்று தெரியாது. மார்த்தேன் எண், அதன் அருகில் நிகழ்ச்சி என்று எழுதி வையுங்கள்: 2-இல் சேவல், பட்டாணிக்குருவி, பூனை, காகம், 3-இல் மீன் வண்டியும் வாலும், 4-இல் இரண்டு வாளிக் கிணறு, 5அ-வில் முதல் வழக்கு, 6-இல் ஓநாயோடு நேர்ச்சண்டை, 10-இல் நரி வைத்தியன், 11-இல் நரி பேரரசன், 17-இல் அவன் ‘மரணமும்’ இறுதி ஊர்வலமும்.

5அ-வை விட்டுவிட வேண்டாம். லொம்பார்டியிலிருந்து போப்பாண்டவரின் தூதராக வந்த ஒட்டகம் அவையில் லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு எல்லாவற்றையும் கலந்து சட்டம் பேசும். தமிழில் அந்தக் கலப்பு நடையைச் செய்து பார்க்க நல்ல வாய்ப்பு.

வால் விஷயத்துக்கு வழி எளிது. கிளைகளை எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவர் அறுத்த வாலை மற்றவர் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நடந்த நிகழ்ச்சிகளாக அடுக்கக் கூடாது. ஃபிளாண்டர்ஸ் நூலில், மூன்றாம் அழைப்புக்குப் பிறகு அரசவைக்குப் போகும் வழியில் நரி வளைக்கரடியிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். ஓநாய்க்குத் தான் செய்ததையெல்லாம் அங்கே சொல்கிறான். எல்மாரே மடத்தில் ஓநாயை மணிக்கயிற்றோடு கட்டிய கதையெல்லாம் அதில்தான் வருகிறது. உங்களுக்குப் பிடித்த பழைய கிளைகளை அந்தப் பேச்சுக்குள் வைத்துவிடுங்கள். சொல்பவன் நரி, ஆகவே வாலைப் பற்றி யாரும் சாட்சி கேட்க முடியாது. பனிக்காடு கேட்ட மீன் கதையும் அங்கே உட்காரும், முதல் அத்தியாயமாக வைக்காமலேயே.

பஞ்சதந்திரம்: நேரடி மூலம் என்று சொல்ல முடியாது, காலம் இடிக்கிறது. சமஸ்கிருதத்திலிருந்து பாரசீகம் வழியாக 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அரபியில் ‘கலீலா வ திம்னா’ ஆக்கினார். 11-ஆம் நூற்றாண்டில் அது கிரேக்கத்துக்குப் போனது, ஆனால் பைசாந்தியப் பக்கம். ஸ்பானிய மொழிபெயர்ப்பு 1251. கப்புவாவின் ஜான் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு அதற்கும் பின்னால். ரெனாரின் முதல் கிளைகள் அதற்குள் முக்கால் நூற்றாண்டு பழையவை. அரசவை அமைப்புக்கு ஐரோப்பாவிலேயே விதை உண்டு: நோயுற்ற சிங்கத்திடம் ஓநாய் நரியைப் பற்றிக் கோள் சொல்ல, ‘ஓநாய்த் தோலை உரித்துப் போர்த்தினால் நோய் தீரும்’ என்று நரி திருப்பியடிக்கும் ஈசோப்புக் கதை. 11-ஆம் நூற்றாண்டில் ‘எக்பாசிஸ் காப்டிவி’ என்ற லத்தீன் கவிதைக்குள் அது நீண்ட உட்கதையாகவே வளர்ந்துவிட்டது.

ஒப்பிட விரும்பினால் ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஆப்பசைத்த குரங்கைத் தமிழில் எல்லோருக்கும் தெரியும். கரடியும் தேனும் கதையில் அதே பிளந்த மரம், அதே ஆப்பு. அங்கே குரங்கு தானே ஆப்பைப் பிடுங்கித் தானே சாகிறது. இங்கே பிடுங்குவது நரி, மாட்டுவது கரடி. பஞ்சதந்திரம் தேவையற்ற வேலையில் தலையிடாதே என்கிறது. ரெனாரில் ஆப்பு இன்னொருவன் கையில் இருக்கிறது. இதற்கு மேல் உறவு பேசினால் ஊகமாகிவிடும். பஞ்சதந்திரத்தின் சூழ்ச்சிக்கார நரி தமனகனை ரெனாரோடு அப்படியே பொருத்துவதும் சரிவராது: தமனகன் அரசன் அருகில் இடம் பிடிக்கத் துடிப்பவன், ரெனார் அவைப் பக்கமே வராமல் ஒதுங்கி நிற்பவன்.

கல்தச்சு

படங்கள் தேடும்போது ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்துப் பேராலயங்களில் பாடகர் குழுவின் மடக்கு இருக்கைகளுக்கு அடியில் செதுக்கிய நரிகள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் ரெனார் என்று போட்டுவிடுகிறார்கள். மேடையில் நின்று வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்யும் நரி (ரிப்பனில் அழகான ஒன்று உண்டு) போலித் துறவிகள் மீதான பொதுவான கிண்டல். அது ரெனாராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மல்லாந்து படுத்துச் செத்தவன்போல் நடித்துப் பறவை பிடிக்கும் நரி ‘ஃபிசியோலோகுஸ்’ என்ற பழைய கிரேக்க விலங்கு நூல் மரபிலிருந்து வருவது, அங்கே அவன் சாத்தானின் உருவகம். மரப்பிளவில் தலை மாட்டிய கரடி இருந்தால் மட்டும் சந்தேகமில்லாமல் ரெனார். பிரிஸ்டல் பேராலயத்தின் 1520-ஆம் ஆண்டு இருக்கைகளில் அதைப் பார்க்கலாம்.

அச்சுப் படங்கள் வேண்டுமானால் லூபெக்கில் 1498-இல் வந்த ‘ரைன்கே’ பதிப்பின் மரச்செதுக்குப் படங்களும், கோத்தேயின் நூலுக்குக் கவுல்பாக் வரைந்த 1846-ஆம் ஆண்டுப் படங்களும் சிறந்தவை. டச்சு மொழியில் 1941-இல் வந்த ஒரு மறுகதை மட்டும் தவறிப்போய்க் கையில் சிக்க வேண்டாம். அது யூத வெறுப்பைப் பரப்ப நாஜி ஆதரவாளர் எழுதியது. மூலத்தில் இல்லாத காண்டாமிருகத்தை அதற்காகவே நுழைத்திருக்கிறார்.

ஓலைநறுக்கு

ஏடெண் சொன்ன பாவசங்கீர்த்தன வழி மிக நல்லது. மீன் கதையை முதலில் வைப்பதைவிட அதுவே மேல். மீதி இருப்பது கொடுமை பற்றிய கேள்வி.

முடிவை மாற்றாதீர்கள். அரசன் ஒரு துரும்பை எடுத்துக் கொடுத்து நரியை மன்னிக்கிறான். உரிமை கைமாறுவதற்கு அக்காலத்தில் சாட்சியாகும் சடங்கு அது. புதையல் இருக்குமிடத்துக்கு வழிகாட்ட வா என்றால், போப்பாண்டவர் என்னைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்திருக்கிறார், முதலில் ரோமுக்கு யாத்திரை போக வேண்டும் என்கிறான் நரி. அவன் யாத்திரைப் பைக்குக் கரடியின் முதுகிலிருந்து ஓரடி நீளம் ஓரடி அகலம் தோல் உரிக்கப்படுகிறது. செருப்புக்கு ஓநாயிடமும் அதன் மனைவியிடமும் ஆளுக்கு இரண்டு கால்களின் தோல் உரிக்கப்படுகிறது. வழியனுப்ப வந்த முயல் கூவார்டை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கொன்று, தலையைப் பையில் வைத்து, கடிதம் என்று சொல்லிச் செம்மறிக்கடா பெலினிடம் கொடுத்தனுப்புகிறான். கடிதம் எழுதியதில் தனக்கும் பங்குண்டு என்று கடா அவையில் பெருமையடிக்கிறது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் மிகக் கொடுமையானது, அதைச் செய்வது நரியல்ல. ஃபிராபேல் என்ற சிறுத்தை சமாதானம் பேசுகிறது: அவமானப்பட்ட கரடிக்கும் ஓநாய்க்கும் நஷ்டஈடாக, பெலினையும் அவன் வம்சம் முழுவதையும் இன்றுமுதல் உலகம் முடியும்வரை தின்னலாம் என்று கொடுத்துவிடுகிறது. அரசன் ஒப்புகிறான். நரி அதற்குள் குடும்பத்தோடு காட்டுக்குப் போய்விட்டான். நரியைத் தூக்கில் போட்டு முடித்தால் இந்த அவைக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். வில்லெம் எழுதியது அதற்கு நேரெதிர்.

ஓநாயின் மனைவி மீதான பலாத்காரம் மட்டும் வேறு விதமாகக் கையாள வேண்டியது. வழக்கின் மையக் குற்றச்சாட்டே அது என்பதால் நீக்க முடியாது. பழைய நூல்கள் அதைச் சிரிப்புக்குப் பயன்படுத்துகின்றன. குற்றச்சாட்டை நேராக ஓரிரு வரியில் சொல்லி, அவை அதை எப்படிக் கையாள்கிறது என்பதில் நேரம் செலவிடுங்கள். 5அ-வில் அவையினர் அதை வார்த்தை விளையாட்டாக்கிக் கடத்தும் விதமே போதுமான சாட்சி.

கோத்தேயைக் கடைசியில் படியுங்கள். அவர் கையில் இருந்தது லூபெக் பதிப்பின் மரபு. அது வில்லெமின் நூலைப் பின்னால் நீட்டி எழுதிய வடிவத்திலிருந்து வந்ததால் அதில் இரண்டாவது விசாரணை, ஓநாயோடு நேர்ச்சண்டை, கடைசியில் நரிக்கு அரசவைப் பதவி எல்லாம் உண்டு. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் 1481-இல் ஆங்கிலத்தில் அச்சிட்டதும் அந்த நீண்ட வடிவத்தைத்தான். சிறுத்தையின் சமாதானத்தோடு முதல் பாகத்தை நிறுத்துங்கள். தொடர் வரவேற்கப்பட்டால் இரண்டாம் பாகத்துக்கு அந்தச் சண்டையும் பதவியும் அப்படியே காத்திருக்கின்றன.